கிளாம்பை முறுக்கினால் ஸ்டியரிங் இறுகுகிறது: பழைய சிஜே3பி ஜீப்

மே 3, 2024. தொண்டியிலிருந்து வந்த கேள்வி

"என்னிடம் இருப்பது பழைய சிஜே3பி ஜீப். பாடி முழுவதும் டிங்கரிங் முடிந்து சேஸிஸில் ஏற்றியாகிவிட்டது. ஸ்டியரிங் பாக்ஸைப் பிரித்துப் புதுப் பேரிங் குண்டுகள், அவை ஓடும் புதுக் கப், புது புஷ் எல்லாம் போட்டோம். மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒரு விரலில் சுற்றியது. சேஸிஸில் பூட்டிய பிறகும் அப்படியேதான் இருந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கிளாம்பை முறுக்கியதும் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கிறது. பாக்ஸில் ஷிம் குறைவு, மறுபடி இறக்கி ஷிம் சேர்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?"

மே 3, இரவு

இறக்காதீர்கள். ஷிம் என்பது பாக்ஸில் இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு. அது குறைவாக இருந்தால் கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் ஸ்டியரிங் இறுகித்தான் சுற்றும். கிளாம்பைத் தளர்த்தியதும் ஒரு விரலில் சுற்றுகிறது என்றால் பாக்ஸ் சரியாக இருக்கிறது. கிளாம்ப்தான் ராடை, அதாவது வீலிலிருந்து பாக்ஸுக்கு இறங்கும் தண்டை, வளைக்கிறது.

இந்த ஜீப்பில் பாக்ஸ் சேஸிஸில் பூட்டப்பட்டது. மேல் முனையைப் பிடிக்கும் கிளாம்ப் டேஷ்போர்டில், அதாவது பாடியில். சேஸிஸ் வேறு, பாடி வேறு. நடுவே ரப்பர் பட்டைகள். ராடோ பாக்ஸுக்குள் இருக்கும் கேமோடு, அதாவது திருகுபோல் பள்ளம் வெட்டிய உருளையோடு, சேர்ந்த ஒரே துண்டு, நடுவில் மூட்டு எதுவும் கிடையாது. பாடி கொஞ்சம் உயர்ந்தாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும் கிளாம்பும் கூடவே போய்விடும். அதற்குப் பிறகு போல்ட்டை முறுக்கினால், ராடைச் சுற்றியிருக்கும் வெளிக்குழாயையும் ராடையும் அங்கே இழுத்துச் சேர்க்கிறீர்கள். அந்த இழுவை முழுவதும் பாக்ஸின் மேல் பேரிங்கில் போய் விழும்.

கிளாம்பை முழுவதும் கழற்றுங்கள். கால் வைக்கும் தகட்டில் ராடு நுழையும் ஓட்டையைச் சுற்றி ஒரு மூடித் தகடு இருக்கும், அதையும் தளர்த்துங்கள். பாக்ஸைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டுகளைக் கொஞ்சம் இளக்கி, பாக்ஸ் தானாக அமர்ந்த பிறகு முறுக்குங்கள். முதலில் சேஸிஸ், கடைசியில்தான் டேஷ்போர்டு. இந்த வரிசை மாறவே கூடாது. இப்போது வெளிக்குழாய் தானாக எங்கே நிற்கிறது, கிளாம்பின் இருக்கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடைவெளி எவ்வளவு, மேலேயா கீழேயா, வலமா இடமா என்று எழுதுங்கள். அதுவரை ஷிம்மைத் தொட வேண்டாம்.

மே 4

நேற்றைய குறிப்போடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாக்ஸை முன் சக்கரங்களோடு இணைக்கும் டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். லிங்க் பூட்டியிருந்தால் முன் ஆக்சிலின் கனமும் கையில் சேர்ந்துவிடும். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் பக்கத்து இறுக்கத்தை ஸ்டியரிங் பாக்ஸின் தலையில் கட்டிவிடுவோம்.

கோடிக்குக் கோடி ஒரே சீரான இறுக்கம் என்றால், நேரான ராடை எதுவோ ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கிறது, அல்லது ஷிம் உண்மையாகவே குறைவு. இந்த இரண்டில் எது என்று கிளாம்பைத் தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்து விடுகிறது என்றால் ராடு வளைந்திருக்கிறது, இல்லாவிட்டால் சுற்றும் பாகம் ஏதோ ஒன்று சுற்றாத பாகத்தில் உரசுகிறது. நேரான ராடை வளைத்துப் பிடித்தால் அது எந்தக் கோணத்தில் நின்றாலும் அதே அளவு எதிர்க்கும். வளைந்த ராடு சுற்றுக்கு ஒருமுறைதான் எதிர்க்கும்.

நடுவில் மட்டும், அதாவது சக்கரங்கள் நேராக இருக்கும் இடத்தில் மட்டும், லேசாகப் பிடித்தால் பயப்பட வேண்டாம். இந்த வண்டியில் இருக்கும் ராஸ் வகைப் பாக்ஸில் கேமின் பள்ளம் நடுவில் சற்று நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கும். நேர் சாலையில் ஆட்டம் இருக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பக்கமூடியில் இருக்கும் திருகை அந்த நடு இடத்தில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்துக்கொண்டு அங்கே ஆட்டத்தை எடுத்துவிட்டால், நடுவுக்கு வரும்போது, கேமின் பள்ளத்தில் ஓடும் லீவரின் பின்கள் அதில் நெரிபடும். நெரிபட்ட அந்தப் பின்கள் சீக்கிரமே ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்துவிடும்.

மே 4, மாலை

தொண்டியிலிருந்து படம் கிடைத்தது. கிளாம்பைப் பூட்டிய நிலையில் எடுத்த படம் உதவாது. கழற்றிவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒன்று, ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒன்று எடுத்து அனுப்புங்கள்.

மே 6

வெளிக்குழாய் தானாக நிற்கும் இடத்தைவிட அரை அங்குலம் உயரத்தில் கிளாம்பின் இருக்கை இருக்கிறது, கொஞ்சம் வலப்பக்கமாகவும் இருக்கிறது என்று தொண்டியிலிருந்து பதில் வந்திருக்கிறது. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். கன்வேயர் பெல்ட் ரப்பரை வெட்டிப் போட்டதாகவும், வலது முன்பக்கத்தில் சேஸிஸின் தாங்கி துருப்பிடித்து இறங்கியிருந்ததால் அங்கே மட்டும் இரண்டு அடுக்கு வைத்ததாகவும் சொல்கிறார்.

காரணம் அதுதான். நம் பக்கத்தில் எல்லா டிங்கரிங் பட்டறையிலும் பெல்ட் ரப்பர்தான் போடுகிறார்கள், அதில் தவறு இல்லை, உழைக்கும். ஆனால் ஒரு மூலையில் மட்டும் இரண்டு அடுக்கு வைத்தால் பாடி அந்த மூலையில் எழும்பி முறுகும். கதவு இல்லாத வண்டி என்பதால் அது வெளியே தெரியாது. கதவு இருந்திருந்தால் மூடும்போதே தெரிந்திருக்கும். இந்த ஜீப்பில் அதை முதலில் காட்டிக்கொடுப்பது ஸ்டியரிங்தான்.

தாங்கியைச் சரிசெய்து நான்கு பக்கமும் ஒரே கனத்தில் ரப்பர் வையுங்கள். அதன் பிறகும் ஒரு சின்ன இடைவெளி மிஞ்சும், மிஞ்சத்தான் செய்யும். அதை போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். கிளாம்புக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே இரும்புத் தகடு வைத்து நிரப்புங்கள், அல்லது கிளாம்பின் போல்ட் ஓட்டையை நீள்வட்டமாக அரம் போட்டுத் தள்ளுங்கள். அலுமினியத் தகடு வேண்டாம். உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக ஊதிவிடும், அளந்து வைத்த அளவு ஒரு மழைக்காலத்தில் மாறிவிடும்.

வெளிக்குழாயையும் ஒருமுறை வெர்னியரில் அளந்து பாருங்கள், கிளாம்ப் பிடித்த இடத்தில், நெடுக்காகவும் குறுக்காகவும். அது மெல்லிய குழாய். பலமாக முறுக்கியிருந்தால் முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும், உள்ளே, குழாயின் மேல் முனையில் ராடைத் தாங்கும் பேரிங்கைக் கவ்விக்கொள்ளும்.

மே 7

இப்போது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகுகள் கரையில் நிற்பதால் மண்டபத்திலும் பாம்பனிலும் லேத்துகளில் ஷாஃப்ட் வேலை குவிந்து கிடக்கிறது. ஜீப் வேலையை அங்கே கொண்டுபோனால் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் நான் வேறு எங்கும் போக மாட்டேன். படகுக்கு வேலை செய்கிறவரிடம்தான் இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டேன்.

பாய் ஒருவர் இருக்கிறார், வயதானவர், ஷாஃப்ட்டும் புஷ்ஷும்தான் அவருடைய வாழ்க்கை. என் ஜீப்பின் கதையைச் சொன்னபோது கடைசலை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, நாங்கள் ஷாஃப்டை இன்ஜினுக்கு இழுக்க மாட்டோம், இன்ஜினை ஷாஃப்டுக்குக் கொண்டுவருவோம்" என்றார். படகில் ஷாஃப்டின் பாதை மரத்தில் ஏற்கெனவே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் ஷாஃப்டும் இன்ஜினும் சேரும் இரண்டு கப்ளிங் முகங்களுக்கும் நடுவே நான்கு இடத்தில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, இன்ஜினின் காலுக்கு அடியில் தகடு வைத்து, இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக வந்த பிறகுதான் போல்ட்டை முறுக்குவார்கள். கடைசிச் சரிபார்ப்பைப் படகு தண்ணீரில் இறங்கிய பிறகு செய்வார்கள். கரையில் மரக்கட்டையின் மேல் நிற்கும் படகின் உடல் ஒரு வடிவம், மிதக்கும்போது வேறு வடிவம்.

ஜீப்பிலும் அப்படியே. சேஸிஸை ஸ்டாண்டில் தூக்கி வைத்துக்கொண்டு கிளாம்பின் இடத்தைத் தீர்மானிக்காதீர்கள். நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும், ஸ்டெப்னி அதன் இடத்தில் இருக்கட்டும், டேங்கில் பெட்ரோல் இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் உட்காரட்டும். அந்த நிலையில் வெளிக்குழாய் எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் இடம். கிளாம்ப் அங்கே வர வேண்டும்.

மே 7, இரவு

புஷ் பற்றி, அதாவது ஷாஃப்ட் உள்ளே சுற்றும் உலோக வளையம் பற்றி, ஒரு வார்த்தை. பின்களைத் தாங்கும் லீவர் ஷாஃப்டுக்குப் புது புஷ் போட்டதாகத் தொண்டி நண்பர் எழுதியிருந்தார். அடித்து ஏற்றும்போது புஷ்ஷின் உள்விட்டம் சுருங்கும். ஏற்றிய பிறகுதான், ஓட்டையைச் சரியான அளவுக்குக் கடையும் ரீமர் விட வேண்டும், இரண்டு புஷ்ஷையும் ஒரே நீளமான ரீமரில், ஒரே நேர்க்கோட்டில். தனித்தனியாக விட்டால் ஒவ்வொன்றிலும் ஷாஃப்ட் சுகமாகப் போகும், இரண்டிலும் சேர்த்துப் போட்டால் பிடிக்கும். மேசையில் ஒரு விரலில் சுற்றியது என்கிறீர்கள், ஆகவே உங்கள் புஷ் நன்றாக இருக்கிறது. இது மற்றவர்களுக்காக.

மே 9

பாக்ஸைப் பிரிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று உச்சிப்புளியிலிருந்து ஒருவர் கேட்கிறார். அவருடைய வண்டி ஒரு காலத்தில் தனுஷ்கோடியில் ஓடியதாம். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும், எங்கள் ஜீப்பும் அங்கே ஓடியதுதான்.

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிக்குச் சாலை இல்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர் சாலை 2017 ஜூலையில்தான் திறந்தார்கள். அதுவரை வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் ஆழமில்லாத தண்ணீரிலும் ஆள் ஏற்றிக்கொண்டு போயின. என் சித்தப்பா அப்படி ஓட்டியவர். தண்ணீரில் இறங்கும்போது வேகம் குறைக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், முன் சென்ற வண்டியின் தடத்திலேயே போக வேண்டும் என்பார். அந்த வண்டிகளில் உப்புத் தண்ணீர் போகாத இடமே கிடையாது.

தண்ணீர் பாக்ஸுக்குள் கீழேயிருந்து மட்டும் போவதில்லை. மேலேயிருந்தும் வரும். ஹார்ன் பொத்தானின் ஓரமாக இறங்கும் மழைநீர் வெளிக்குழாய் வழியே வடிந்து நேராகப் பாக்ஸின் மேல் பேரிங்கில் நிற்கும். பேரிங் என்றாலும் அது கடையில் பெட்டியில் கிடைக்கும் பேரிங் அல்ல. குண்டுகள் ஓடும் ஒரு பக்கத் தடம் கப்பில் இருக்கிறது, மறுபக்கத் தடம் கேமின் மேலேயே கடையப்பட்டிருக்கிறது. கப்பை மாற்றலாம், குண்டை மாற்றலாம். கேமின் தடத்தை மாற்ற வேண்டுமானால் கேமோடு ராடையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

எங்கள் ராடைக் கழுவித் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தபோது தடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கருப்புப் பள்ளங்கள் இருந்தன, மிளகு அளவுகூட இல்லை, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். குண்டுகள் உட்கார்ந்திருந்த இடங்கள் அவை. மழைக்காலம் முழுவதும் வண்டி நேராக நிற்கிறது, குண்டு அசைவதில்லை, குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே ஒட்டி நிற்கும் உப்பு ஈரம் அங்கேயே அரிக்கிறது. புதுக் குண்டுகளைப் போட்டால் அவை அந்தப் பள்ளங்களில் விழுந்து விழுந்து எழும். கையில் கடகடவென்று தெரியும். அந்தக் கடகடப்பைப் போக்க ஷிம்மைக் கூட்டுவார்கள், ஆட்டம் வரும், குறைப்பார்கள், இறுகும். தடம் போன கேமுக்கு ஷிம் மருந்தாகாது.

நகத்தை வைத்துத் தடத்தில் இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அந்த ராடு வேண்டாம்.

மே 10

ராடு வாங்கும்போது பழைய ராடைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று கடையில் சொல்வதை நம்பி வாங்கி வந்த ராடு நீளமாக இருந்ததால், ஸ்டியரிங் வீல் மார்பில் வந்து முட்டும்படி பூட்டியிருந்த வண்டி ஒன்றைத் தங்கச்சிமடத்தில் பார்த்தேன். வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டியரிங் ராடில் பட்டறை வெல்டிங் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மே 15

மதுரையிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "இவ்வளவு பாடு எதற்கு? ராடை நடுவில் வெட்டி ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட் போட்டுவிட்டால் பாடி எங்கே இருந்தாலும் கவலை இல்லையே?"

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பின்னால் வந்த வண்டிகளில் அந்த ஜாயிண்டை வைத்ததற்கு ஒரு காரணம் இதுதான், கோணம் மாறினாலும் சுற்றும். ஆனால் அவற்றில் மூட்டுக்கு மேலேயும் கீழேயும் ராடைத் தாங்கத் தனித்தனிப் பேரிங் இருக்கிறது. நம் வண்டியில் நடுவில் வெட்டினால் மேல் பாதிக்குக் கீழே பிடிப்பே இருக்காது, அந்தரத்தில் தொங்கும். அதற்கு ஒரு தாங்கி செய்ய வேண்டும், அந்தத் தாங்கியைப் பாடியில் வைப்பதா சேஸிஸில் வைப்பதா என்று யோசிக்க வேண்டும், கடைசியில் ராடில் வெல்டிங்கும் வரும். ரப்பர் பட்டையை மாற்றித் தீர்க்கக்கூடிய சிக்கலுக்கு நான் அந்த வழியில் போக மாட்டேன்.

மே 16

ஜாயிண்டைப் பற்றி நேற்று எழுதியதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரைக்காரர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மூட்டில்லாத ஒற்றை ராடு முன்பக்கம் மோதினால் ஈட்டி போல ஓட்டுநரை நோக்கி வரும். அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு, மோதும்போது ஸ்டியரிங் பின்னால் வரும் தூரத்துக்கு வரம்பு வைத்துச் சட்டமே போட்டார்கள்; மடங்கும் ராடுகள் பரவியது அதை ஒட்டித்தான். நம் ஜீப் அதற்கு முந்தைய காலத்து வடிவம். உயரமான பானெட் கொண்ட சிஜே3பியை வில்லிஸ் நிறுவனம் அமெரிக்காவில் கொண்டுவந்தது 1953ல். புது இன்ஜின் உயரமாக இருந்ததால் பானெட்டை உயர்த்தினார்கள், மற்றபடி பெரும்பாலும் அதற்கு முந்தைய ஜீப்பின் அமைப்புதான். ஆகவே இந்த வண்டியை நான்குவழிச் சாலையில் பஸ்ஸோடு போட்டி போட எடுத்துப் போகாதீர்கள். மெதுவாக ஓட்டுங்கள். வெல்டிங் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது.

மே 21

தொண்டி: தாங்கியைச் சரிசெய்து, ரப்பர் எல்லாம் ஒரே கனத்தில் மாற்றி, வண்டியைத் தரையில் நிறுத்தி, மிஞ்சிய இடைவெளிக்குத் தகடு வைத்து கிளாம்பைப் பூட்டியாயிற்று. சீரான இறுக்கம் முழுவதும் போய்விட்டது. ஆனால் இப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் லேசாகக் கரகரவென்று பிடிக்கிறது, முன்பு இது தெரியவில்லை என்கிறார்.

முன்பும் இருந்திருக்கும். பெரிய இறுக்கத்துக்குள் சின்னது அமுங்கிக் கிடந்தது. சுற்றுக்கு ஒருமுறை என்பதால் இது கிளாம்பின் வேலை அல்ல. ராடு வளைவா, உரசலா என்று பிரித்துவிடலாம்.

ஸ்டியரிங் வீலைப் புல்லர் போட்டுக் கழற்றுங்கள். சுத்தியலால் நடு முனையில் அடித்துக் கழற்றாதீர்கள், அந்த அடி நேராகக் கீழே பேரிங் குண்டுகளில் இறங்கும். கெட்டிக் கம்பி ஒன்றை வெளிக்குழாயின் வாயில் கட்டி, அதன் கூர்முனை ராடைத் தொடாமல், ஒரு தாள் நுழையும் அளவுக்கு நெருங்கி நிற்கும்படி வளைத்து வையுங்கள். ராடின் முனையில் துணி சுற்றிப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். கம்பிக்கும் ராடுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுற்றும்போது கூடிக் குறைந்தால் ராடு வளைந்திருக்கிறது. அப்படியே இருந்தால் ராடு நேர்.

மே 23

இடைவெளி மாறவில்லையாம். மிகவும் நிம்மதி. வீலைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுக் குமிழின் அடிப்பக்கத்தில் எங்கேயாவது பளபளப்பு இருக்கிறதா?

மே 23, இரவு

இருக்கிறது. பெயிண்ட் உரிந்து, பிறை வடிவில், இரும்பு வெளுத்துத் தெரிகிறது. முன்பு யாரோ வீலின் கம்பியை வெல்டிங் வைத்தபோது சொட்டிய இரும்புத்துளி குமிழின் அடியில் கட்டியாக நின்றிருக்கிறது. அது சுற்றுக்கு ஒருமுறை வெளிக்குழாயின் வாயைத் தொடுகிறது. அரம் போட்டு எடுத்துவிடுங்கள். குழாயின் வாயையும் எமரித் தாளில் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசுங்கள். ஹார்ன் வயரின் தொடுமுனை நசுங்காமல் இருக்கிறதா என்று அதே சமயத்தில் பார்த்துவிடுங்கள்.

ஜூன் 2

கீழக்கரையிலிருந்து ஒருவர் அம்பாசடருக்கு இதே கேள்வியைக் கேட்கிறார். அந்த வண்டியின் கதை வேறு. அதில் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சட்டம். ரப்பர் பட்டை உயர்ந்து ஸ்டியரிங்கை வளைக்கும் பேச்சே அங்கே இல்லை. இந்த மாதிரிப் பாக்ஸும் கிடையாது, ராக் அண்டு பினியன், அதாவது பற்சட்டமும் பற்சக்கரமும். ஷிம், பக்கமூடித் திருகு என்று நான் மேலே எழுதியவற்றை அதில் தேடாதீர்கள்.

ஆனாலும் கடற்கரையில் அம்பாசடரிலும் ராடு வளைந்து நிற்கும், காரணம் துரு. ஸ்டியரிங்கைப் பிடிக்கும் பிராக்கெட்டுக்கும் பாடித் தகட்டுக்கும் நடுவே உப்பு ஈரம் நுழைந்தால் அங்கே உருவாகும் துரு, தின்ற இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். போல்ட் இறுகித்தான் இருக்கும், பிராக்கெட் மட்டும் தகட்டைவிட்டு எழும்பும். சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போதே கசியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே நனையும். மழை பெய்ய வேண்டியதில்லை, நம் ஊர் இரவுக்காற்றே போதும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இரும்பின் அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது. இரும்பைச் சோதிக்க நம் கடற்கரையைவிடக் கடுமையான இடத்தை அவர்கள் எங்கே தேடுவார்கள்?

பிராக்கெட்டைக் கழற்றி, இரண்டு முகத்தையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, ரெட் ஆக்சைடு காய்ந்த பிறகு கெட்டி கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். முதலில் ராக் பக்கம், கடைசியில் மேல் பிராக்கெட். அந்த வரிசை மட்டும் இரண்டு வண்டிக்கும் ஒன்று.

ஜூன் 18

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டன, லேத்தில் இடம் கிடைக்கும். புஷ் வேலை வைத்திருப்பவர்கள் இப்போது போகலாம்.

பாக்ஸில் எண்ணெயா கிரீஸா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எண்ணெய்தான், 90 கியர் ஆயில். சீல் கசிகிறது என்று கிரீஸை அடைத்துவிடுவது பரவலான பழக்கம். கிரீஸை கேம் ஒருமுறை ஒதுக்கித் தள்ளிவிட்டால் அது மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும், திரும்பி வராது. மேல் பேரிங் வறண்டு கிடக்கும். சீலை மாற்றிவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். வாடைக்காற்று தொடங்குவதற்கு முன்னால் ஒருமுறையும், மழை விட்ட பிறகு ஒருமுறையும் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அன்றைக்கே மாற்றுங்கள். மேலே ஹார்ன் பொத்தானைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வைத்தால் பாதித் தண்ணீர் குறையும்.

படகுக்கு அடிக்கும் மீன் எண்ணெயைச் சேஸிஸுக்கு அடிக்கலாமா என்றும் ஒரு கேள்வி. சேஸிஸின் உட்பக்கத்துக்கு அடிக்கலாம், துருவைத் தடுக்கும். ரப்பர் பட்டைகளில் படக் கூடாது, எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பும், மறுபடி முதல் கேள்விக்கே வந்து நிற்போம்.

ஜூலை 20

தொண்டி ஜீப் ஓடிக்கொண்டிருக்கிறது. தேவிபட்டினம் வரை போய்வந்தேன், கை வலியே இல்லை என்று எழுதியிருக்கிறார். மனம் குளிர்ந்தது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புது ரப்பர் பாடியின் கனத்தில் அமுங்கும், ஓடஓட இன்னும் அமுங்கும். இப்போது கிளாம்பின் போல்ட்டை மட்டும் இளக்கிப் பாருங்கள். வெளிக்குழாய் இருந்த இடத்திலேயே நின்றால் அப்படியே முறுக்கிவிடலாம். மேலே துள்ளினால் பாடி இறங்கியிருக்கிறது. நடுவே வைத்த தகட்டின் கனத்தைக் குறைக்க வேண்டும். பாடி போல்ட்டுகளை முதலில் முறுக்கிவிட்டு, அதன் பிறகு இதைச் செய்யுங்கள்.